ஷட்டர் திறந்திருக்கு, பேசாதீங்க

வாங்க, உள்ள வாங்க. செருப்ப வெளிய விடாதீங்க, கதவுக்கு இந்தப் பக்கமே விடுங்க. வீடு பாக்கத்தானே வந்திருக்கீங்க? நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும். லிஃப்ட்ட விட்டு எறங்கினதும் என் கதவப் பாத்தீங்க, எதிர் வீட்டுப் பூட்டப் பாத்தீங்க, கையில இருக்கிற ஃபோனப் பாத்தீங்க, அப்புறம் பெல் அடிச்சீங்க. முப்பத்தஞ்சு வருஷம் போலீஸ்ல இருந்தவ நான். எஸ்.எஸ்.ஐ. குணவதின்னு சேலம் டவுன்ல கேட்டுப் பாருங்க. கதவத் தட்டுற விதத்துலயே என்ன சமாச்சாரம்னு சொல்லிடுவேன்.

உக்காருங்க. இல்ல கண்ணு, நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் நீ பேசலாம். எம் பையன் தினகர்தான் உங்கள அனுப்பியிருப்பான். புனேல இருக்கான். "அம்மா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துரு. ஆளுங்க வந்து பாப்பாங்க, சண்ட கட்டாம காட்டு"ன்னு போன வாரம் ஃபோன்ல சொன்னான். நான் சரின்னு சொல்லல. மாட்டேன்னும் சொல்லல. ஃபோன வச்சுட்டேன். இந்த வீட்ட விட்டு நான் போறதா இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புறது மரியாதையில்ல. காபி குடிச்சிட்டு, ஏன் போகமாட்டேன்னு கேட்டுட்டுப் போங்க. நாளைக்கு அவன் கேட்டா நீங்க ரெண்டு பேரும் சாட்சி.

காபி அந்த ஃபிளாஸ்க்ல இருக்கு. நீங்களே ஊத்திக்கங்க தம்பி, எனக்குக் கை இப்படி. மாவுக்கட்டு. அதுவும் இந்தக் கதையிலதான் வருது.

நான் நெபுலா ஃபோட்டோ எடுக்கிறவ. சிரிக்காதீங்க. பந்தோபஸ்துன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாது. கோயில் பண்டிகையாகட்டும், மந்திரி வர்ற ரோடாகட்டும், நின்ன எடத்துல நிக்கணும். கூட்டத்தப் பாக்கிற நேரம் போக மிச்ச நேரம் மேல பாக்கிறதுதான். மார்கழி, தை மாசத்துல மூணு நட்சத்திரம் வரிசையா ஏறும், பாத்திருப்பீங்க. அது உச்சிக்கு வந்தா பாதி ட்யூட்டி முடிஞ்சுதுன்னு எனக்குக் கணக்கு. கைக்கடிகாரம் கூட பாக்க மாட்டேன்.

ரிட்டயர் ஆனப்புறம் ஒரு நாள் தினகர் ஃபோன்ல ஒரு படம் காட்டினான். அந்த மூணு நட்சத்திரத்துக்குக் கீழ, செவப்பா, ஊதாவா, என்னமோ பூத்திருக்கு. "இது என்னடா"ன்னேன். "நெபுலாம்மா. வாயுவும் தூசியும் சேந்த மேகம். நட்சத்திரமே அதுக்குள்ளதான் பொறக்குது"ன்னான். இத்தன வருஷம் அதுக்குக் கீழயே லத்திய வச்சுக்கிட்டு நின்னிருக்கேன், அங்க பிரசவம் நடந்துக்கிட்டு இருக்கு, எனக்கு ஒரு தகவல் இல்ல! நாமளும் இத எடுக்கலாமான்னு கேட்டேன். "அதெல்லாம் பெரிய டெலஸ்கோப்ல எடுக்கிறதும்மா. சேலத்து வெளிச்சத்துல நம்மளால ஆகாது"ன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிடப் போயிட்டான்.

ஆகாதாம். என்கிட்ட.

அவன் விட்டுட்டுப் போன கேமரா பீரோவுல இருந்துச்சு. பெரிய லென்ஸ் ஒண்ணு பழசுல வாங்கினேன். அப்புறம் ட்ராக்கர். இதோ, இதான். டிபன் பாக்ஸ் அளவு இருக்கா? கைப்பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறலாம். இது என்ன பண்ணும்னா, பூமி சுத்துதில்ல, அதனால நட்சத்திரம் நகர்ற மாதிரி தெரியுதில்ல, இந்த டப்பா அந்த வேகத்துக்கே கேமராவ மெதுவாத் திருப்பிக்கிட்டே வரும். இது சுத்துற அச்ச, துருவ நட்சத்திரத்தப் பாத்து வைக்கணும், அவ்வளவுதான். நம்ம ஊருல துருவ நட்சத்திரம் ரொம்பத் தாழ இருக்கும், ஏற்காடு மலை முகட்டுக்கு மேல நாலு விரக்கடை. மங்கலா ஒரு புள்ளி. அத நான் கண்டுபுடிச்சேன், யாரையும் கேக்காம.

ஒரே தடவையா அஞ்சு நிமிஷம் ஷட்டரத் தொறந்து வச்சா ஊர் வெளிச்சம் எல்லாம் உள்ள வந்து படம் முழுக்க டீ கலராயிடும். அதனால அரை நிமிஷம், அரை நிமிஷமா எடுக்கணும். ஒரு படத்துல ஒண்ணும் இருக்காது. அழுக்குத் துணி மாதிரி இருக்கும். நூத்துக்கணக்குல எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். இது எனக்குப் படிக்காமலே புரிஞ்சுது. சாட்சி விசாரணைதானே! ஒருத்தன் சொன்னா நம்ப முடியாது. நூறு பேரத் தனித்தனியா விசாரிச்சு, நூறு பேரும் ஒரே எடத்தக் கை காட்டினா, அங்க ஏதோ இருக்கு. ஒரு படத்துல இருந்து அடுத்த படத்துல இல்லாமப் போற புள்ளி பொய்ச் சாட்சி. எல்லாப் படத்துலயும் மங்கலா, ஆனா அதே எடத்துல நிக்கிறது நிஜம்.

இரு கண்ணு, இன்னும் முடியல. பிஸ்கட் எடுத்துக்க.

இதுக்கெல்லாம் மொட்டை மாடி வேணும். மொட்டை மாடிச் சாவி யார்கிட்ட? அங்கதான் ஆரம்பிச்சுது வினை. எதிர் வீட்டுக்காரர், மாசிலாமணின்னு பேரு, இந்த ஃபிளாட்ஸ் சங்கத்துச் செகரட்டரி. மில்லுல மெயின்டனன்ஸ் பாத்து ரிட்டயர் ஆனவர். சம்சாரம் தவறிட்டாங்க. ஒரே பொண்ணு, கட்டிக்குடுத்து வெளியூர்ல இருக்கு. ஆளப் பாத்தா சாது. மிக்ஸி வாங்கினாலும் அதோட வர்ற புஸ்தகத்த மொதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்கிற ரகம். இந்த மாதிரி சாதுவுங்களத்தான் நம்பக்கூடாது, என் அனுபவம் சொல்லுது.

சாவி கேட்டேன். "பொழுது போனா மேல யாரும் போகக்கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் இருக்குங்க மேடம். கைப்பிடிச் சுவர் தாழ்வு"ன்னார். நான் பொதுக்குழுவக் கூட்டச் சொன்னேன். கூட்டினாங்க. எழுந்து நின்னு பேசினேன் பாருங்க, எல்லாரும் செகரட்டரியத் திரும்பிப் பாத்தாங்க. கடைசில இவரே எழுந்து, "சாவிய மேடமே வச்சுக்கட்டும், போகட்டும். செகரட்டரிங்கிற முறையில நானும் கூட இருக்கேன். அப்போ விதியும் மீறின மாதிரி ஆகாது"ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எனக்குக் காவலா? ஊருக்கே காவல் காத்தவளுக்கு ஒரு மில்லுக்காரர் காவல்!

மறுநாள்ல இருந்து தினமும் சாயந்தரம் ஏழு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் சேரத் தூக்கிக்கிட்டு வந்துடுவார். நான் தெக்கால மூலையில ட்ரைபாட் போட்டா, இவரு படிக்கட்டு வாசல்ல சேரப் போட்டு உக்காந்துக்குவார். மழை தூறினா கூட எந்திரிக்க மாட்டார். அப்படிக் கண்காணிப்பு. என்ன திருடிடுவேன்னு நெனச்சாரோ, தண்ணித் தொட்டியையா?

இதுல படமும் சரியா வரல. ஒவ்வொரு படத்துலயும் நட்சத்திரம் புள்ளியா இல்லாம கோடு கோடா இழுத்துக்கிட்டு நிக்குது. ட்ராக்கர் நல்லாச் சுத்துது, காத வச்சா சன்னமாச் சத்தம் கேக்குது. துருவ நட்சத்திரத்துக்கு நேரா வச்சிருக்கேன். அப்புறம் ஏன் கோடு? யாரோ ஆட்டுறாங்க. கட்டிடம் அதிருது. சந்தேகப்படும்படியான ஆளுங்கள ஒண்ணொண்ணா எடுத்தேன்.

மொதல் ஆளு லிஃப்ட். மோட்டார் ரூம் மாடிலதான் இருக்கு. வாட்ச்மேன் அர்த்தனாரியக் கூப்பிட்டு, "நான் மேல இருக்கிற வரைக்கும் லிஃப்ட நிறுத்து"ன்னேன். நிறுத்திட்டான், என் குரலுக்கு நிறுத்தாமப் போவானா? அன்னிக்குப் பாத்து நாலாவது மாடி சுகந்தி டீச்சர் மளிகைச் சாமான் மொத்தத்தையும் தூக்கிக்கிட்டுப் படியேறி, மூச்சு வாங்கி, கத்தி, எல்லா வீட்டுக் கதவும் தொறந்துடுச்சு. யார் நிறுத்தினதுன்னு கேக்கறாங்க. நான் மாடியில இருந்து எறங்கி, "நான்தான்"னு சொல்லப் போறேன், எனக்கென்ன பயமா? அதுக்குள்ள இந்த மாசிலாமணி, "சர்வீஸ் பண்ண நான்தான் நிறுத்தச் சொன்னேங்க, தகவல் போடாதது என் தப்பு"ன்னு எல்லார்கிட்டயும் கையெடுத்துக் கும்புட்டார். சுகந்தி டீச்சர் அவரப் புடிச்சுத் திட்டுத் திட்டுன்னு திட்டினாங்க. தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டார்.

பாத்தீங்களா? பொய். வாய் கூசாம, இருபது பேர் முன்னாடி. இப்படிச் சரளமாப் பொய் சொல்ற ஆளு வேற எதெல்லாம் சொல்லுவாருன்னு அன்னிக்கே மனசுல குறிச்சுக்கிட்டேன்.

லிஃப்ட் நின்னும் கோடு போகல. அப்போ அடுத்த ஆளு இவர்தான். சேர்ல உக்காந்து காலாட்டுறார். "ஆட்டாதீங்க"ன்னேன், நிறுத்திட்டார். செருப்பு தரையில உரசுதுன்னேன், அடுத்த நாள்ல இருந்து வெறுங்காலோட வந்தார், மார்கழிப் பனியில. கொசு அடிக்கிறார், பட்டு பட்டுன்னு. "அதிர்வு வருது, அடிக்காதீங்க"ன்னேன். அடிக்கல. மறுநாள் காலையில லிஃப்ட்ல பாத்தா முகமெல்லாம் தடிப்பு. அப்புறம் இருமல், தொண்டையக் கனைக்கிறது. ஒரு தடவ "மேடம்"னு ஆரம்பிச்சார். "ஷட்டர் திறந்திருக்கு, பேசாதீங்க"ன்னேன். பேச்சுக்கும் ஷட்டருக்கும் என்னன்னு கேக்காதீங்க. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல.

அதுல இருந்து மனுஷன் வாயே தொறக்கல. கோடு மட்டும் போகல.

இன்னொண்ணு கேளுங்க. மொட்டை மாடி லைட்டு, படிக்கட்டு வாசல்ல ஒரு பெரிய பல்பு இருக்கும், கண்ணக் கூசும். ஒரு நாள் போனா பல்பக் காணோம். இவர் செகரட்டரி, புதுசு போடணுமா இல்லையா? போடல. மாசம் பூராவும் போடல. எனக்கு அது வசதிதான், அது வேற விஷயம். ஆனா பொறுப்புன்னு ஒண்ணு? அப்புறம் ஒரு நாள் சங்கத்து ரசீது வாங்க அவர் வீட்டுக்குள்ள போனா, டீவி மேல அதே பல்பு, பேப்பர்ல சுத்தி பத்திரமா! திருட்டுச் சொத்து, நடு ஹால்ல. சமயம் வரும்போது பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு நாள். கேமரா ஓடிக்கிட்டு இருக்கு. படம் ஒண்ணு எடுத்து முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்கு நடுவுல ஒரு சின்ன எடவெளி வரும்ல, அதுக்குள்ள அவசர அவசரமாக் கேட்டார்: "மேடம், அந்த டப்பாவுல என், எஸ்னு ஒரு பொத்தான் இருக்கே, அத எஸ்ல வச்சிருக்கீங்களே?"

"ஆமா, எஸ். சவுத். நாம தெக்கத்தி ஆளுங்கதானே? சவுத் இண்டியாதானே?"ன்னேன்.

அவரு சேர விட்டு எந்திரிச்சு கிட்ட வந்தார். அப்புறம், "இண்டியாவுல தெக்கு மேடம். பூமியில நாம வடக்குப் பாதிலதான் இருக்கோம். எஸ் போட்டா அது எதிர்ப்பக்கமாச் சுத்தும்னு அதோட வந்த புஸ்தகத்துல இருக்கு. நீங்க அன்னிக்கு அட்டைப்பெட்டியத் தூக்கிப் போட்டீங்களே, அதுல இருந்துச்சு"ன்னார்.

என் குப்பையக் கெளறியிருக்கார்! கவனிச்சீங்களா? இவர் சொல்றது தப்புன்னு காட்டுறதுக்காகவே பொத்தான என்ல போட்டேன். அடுத்த படம் வந்துச்சு. நட்சத்திரமெல்லாம் ஊசி முனை மாதிரி நிக்குது. ஒரு கோடு இல்ல.

இப்போ நீங்களே சொல்லுங்க, இது யார் தப்பு? அந்தக் கம்பெனிக்காரன் தப்பு. இண்டியாவுல விக்கிற சாமான்ல சவுத்துன்னு போட்டா நாம என்னன்னு எடுத்துக்குவோம்? சரி, அவன விடுங்க. இவருக்கு இது எப்போ தெரிஞ்சுது? புஸ்தகத்த மொதல் வாரமே படிச்சிருக்கார். அப்போ ஒரு மாசமாத் தெரிஞ்சும் கொசுக்கடி வாங்கிக்கிட்டு, வேடிக்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். நேராக் கேட்டேன். "பேசக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க"ங்கறார். இந்த மாதிரி பதில் சொல்ற அக்யூஸ்ட்டுங்கள நான் எத்தன பேரப் பாத்திருப்பேன்!

அதுக்கப்புறம் படம் நல்லா வர ஆரம்பிச்சுது, அத மறுக்கல. தை முழுக்க எடுத்தேன். ஒரு ராத்திரி, முதல் தடவையா அடுக்கிப் பாத்தப்போ, அழுக்குத் துணிக்குள்ள இருந்து செவப்பா ஒரு றெக்க எந்திரிச்சு வந்துச்சு. நான் அழுதேன். சொல்றதுல என்ன வெக்கம். மறுநாள் அவர்கிட்ட லேப்டாப்பக் காட்டினேன், இவரு காட்டின பொத்தானால வரல, என் உழைப்பால வந்ததுன்னு தெரியட்டும்னு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி போட்டுக்கிட்டுப் பாத்தார். "ஓரமெல்லாம் இன்னும் இருட்டாத்தான் இருக்கு மேடம், இன்னும் நெறைய எடுத்தா தெளியும்"ன்னார். பாராட்டுறாரா? கிடையாது. குறை.

ஆனா அவர் சொன்னது நிஜம். இன்னும் வேணும். அதுக்கு மாசி முடியறதுக்குள்ள எடுத்தாகணும். அப்புறம் அந்த மூணு நட்சத்திரம் மேக்க சாஞ்சு, பொழுது போகும்போதே மறைய ஆரம்பிச்சுடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்ற வயசா எனக்கு?

அந்த நாளுங்கள்லதான் இவர் ஒரு புதுப் பழக்கம் புடிச்சார். "மேடம், ஒரு விஷயம் சொல்லணும்." எப்போ பாத்தாலும் கேமரா ஓடும்போதுதான். நான் கையக் காட்டுவேன். அவர் தலையாட்டிட்டு உக்காந்துக்குவார். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும், "மேடம், ஒரு விஷயம்." எனக்குத் தெரியாதா என்ன விஷயம்னு? மாடிச் சாவியத் திருப்பிக் கேக்கப் போறார். பொதுக்குழுல யாராவது புகார் குடுத்திருப்பாங்க. அந்தப் பேச்சே வரக்கூடாதுன்னு நான் இடைவெளியே விடாம கேமராவ ஓட்டினேன்.

கை உடைஞ்சது மாசியில. சாயந்தரம் சாமான மேல வச்சுட்டு, சாப்பிட்டு வரலாம்னு கீழ எறங்கினேன். கரண்ட் போச்சு. எங்க தெருவுல மட்டும் இல்ல, ஊருக்கே. ஜன்னல் வழியாப் பாத்தா சேலமே காணோம்! என் சர்வீஸ்ல கூட அப்படி ஒரு இருட்டப் பாத்ததில்ல. தட்டோட சோத்த அப்படியே வச்சுட்டு மேல ஓடினேன். பின்னாடியே இவர் டார்ச்சத் தூக்கிக்கிட்டு வர்றார். டார்ச்சுக்குச் செவப்புக் கண்ணாடிப் பேப்பர் வேற சுத்தி வச்சிருக்கார், கண்ணு கூசாம இருக்க. "அணைங்க அத"ன்னு கத்தினேன். அணைச்சார். நாலு எட்டு வச்சிருப்பேன், தண்ணிக் குழா தட்டி விட்டுடுச்சு. கைய ஊனி விழுந்தேன். மணிக்கட்டு.

இங்கதான் நீங்க கவனிக்கணும். நான் கீழ கெடந்தபடியே சொல்றேன், "என்னை விடுங்க, கேமரா பட்டன அமுக்குங்க"ன்னு. எவ்வளவு தெளிவான உத்தரவு! ஊரே இருட்டுல கெடக்கு, மேல நெபுலா அப்படியே தொங்குது, இந்த மனுஷன் கேமராவத் திரும்பிக்கூடப் பாக்கல. என்னைத் தூக்கி, படியில எறக்கி, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடறார். ஆட்டோவுல பூராவும் நான் திட்டிக்கிட்டே போனேன். கரண்ட் வர ரொம்ப நேரமாச்சாம். அந்த இருட்டு மொத்தமும் வீணாப் போச்சு. அத நான் மன்னிக்கல. இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கல.

அதோட விட்டாரா? என் பையனுக்கு ஃபோன் போட்டிருக்கார். என்னைக் கேக்காம. தினகர் மறுநாளே பறந்து வந்துட்டான். ஹால்ல நின்னு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினாங்க. மருந்து மயக்கத்துல எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. "நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்குவேன் தம்பி, ஆனா அதுக்கப்புறம் இவங்கள மாடியில தனியா விட முடியாது"ன்னார் இவர். அவ்வளவுதான், பையன் முடிவு பண்ணிட்டான். வீட்ட விடு, புனேக்கு வா. அங்க அவன் பால்கனியில நின்னு பாத்தா எதிர்ல பதினாலு மாடி. வானம் கைக்குட்ட அளவுக்குத் தெரியும்.

ஆக, என்னை இந்த வீட்ட விட்டு வெளியேத்த யார் காரணம்னு விளங்குதா? மொதல் நாள்ல இருந்து கண்காணிச்சு, சமயம் பாத்து, பையன் காதுல ஓதி. நூறு தடயம் இருக்கு என்கிட்ட, எல்லாம் ஒரே ஆளத்தான் கை காட்டுது.

இரு கண்ணு, இதோ முடிஞ்சுது. காபி ஆறிடும், குடி.

நான் விடல. பையன் ஊருக்குக் கெளம்பின மறுநாளே கையில கட்டோட ட்ராக்கரத் தூக்கிக்கிட்டு மேல போனேன். ஒத்தக் கையால திருகு முடுக்க முடியல. துருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்க முடியல. இவர் சேர்ல இருந்து எந்திரிச்சு வந்து, "நீங்க உக்காந்து சொல்லுங்க மேடம், நான் பண்றேன்"ன்னார். சரி, பண்ணுன்னு விட்டேன். செஞ்ச பாவத்துக்கு உழைக்கட்டும். இப்போ ரெண்டு வாரமா அந்தச் சேர்ல நான் உக்காந்துக்கறேன், அவர் குனிஞ்சு, முட்டி போட்டு, மலைக்கு மேல அந்த மங்கல் புள்ளியத் தேடிப் புடிச்சு வைக்கிறார். "இடது பக்கம், இன்னும் இடது, கண்ணு தெரியலயா"ன்னு நான் அதட்டுவேன். முழங்கால் வலி போல, எந்திரிக்கும்போது சுவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிப்பார். ஆனா கை சுத்தம். மில்லுக்காரர் கை. என்னைவிட நல்லா வைக்கிறார்னு சொல்லமாட்டேன், என்னளவுக்கு வைக்கிறார்.

இத பாருங்க. லேப்டாப்ப இப்படித் திருப்புங்க தம்பி. இது முந்தாநேத்து அடுக்கினது. நடுவுல பாருங்க, வெளிச்சத்துக்குள்ள நாலு புள்ளி தெரியுதா? பொறந்து கொஞ்ச காலமான நட்சத்திரங்களாம். கைக்குழந்தைங்க. சேலம், அஸ்தம்பட்டி, மொட்டை மாடியில இருந்து எடுத்தது. எவனோ ஆகாதுன்னான். இன்னும் நாலஞ்சு நாள் வானம் விட்டுக்குடுத்தா இந்த ஓரமும் தெளிஞ்சுடும். அப்புறம் அடுத்த நெபுலா. சித்திரையில இருந்து தெக்கால வேற ஒண்ணு ஏறும், லிஸ்டு போட்டு வச்சிருக்கேன், அவர்கிட்டயும் சொல்லிட்டேன், முழங்காலுக்கு ஒரு மணை வாங்கிக்கங்கன்னு. அதனால நான் எங்கயும் போறதா இல்ல. எம் பையன்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. வீடு காலி இல்ல.

இப்போ பேசு கண்ணு. என்னமோ சொல்லணும் சொல்லணும்னு இருந்தியே.

என்ன?

தினகர் அனுப்பலயா? அப்போ யாரு? ...எந்த வீடு? இது இல்லயா? எதிர் வீடா?

எதிர் வீடு மாசிலாமணி சார் வீடு. அங்க அவர் இருக்கார். அது எப்படிக் காலியாகும்? உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. நம்பரச் சரியாப் பாருங்க.

அவரேவா? அவரே ஃபோன்ல பேசினாரா?

...பொண்ணு வீட்டுக்கு. திருவனந்தபுரத்துக்கு. ...எப்போ? இந்த மாசக் கடைசியா? பொங்கலுக்கே முடிவாயிடுச்சா? வெளிய போயிருக்கார், வந்துடறேன், அதுவரைக்கும் எதிர் வீட்டு மேடம்கிட்ட உக்காந்திருங்கன்னு சொன்னாரா? என்கிட்டன்னு சொன்னாரா?

அதத்தான் சொல்ல வந்தாரா மனுஷன்? "ஒரு விஷயம் சொல்லணும் மேடம், ஒரு விஷயம் சொல்லணும் மேடம்"னு. அதத்தானா?

கொஞ்சம் இருங்க. அந்தத் தண்ணிய எடுங்க தம்பி.

ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமில்ல.

இங்க பாருங்க, சின்னஞ்சிறுசுங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்த வீடு உங்களுக்கு வேணாம். மேக்குப் பாத்த சமையக்கட்டு, மத்தியானம் வெந்துடுவீங்க. பாத்ரூம் சுவத்துல ஓதம். லிஃப்ட் எப்போ நிக்கும்னே தெரியாது. இதெல்லாம் கூடப் பரவாயில்ல. எதிர் வீட்டுல ஒருத்தி இருக்கா. ரிட்டயர்டு போலீஸ். அவகூட யாரும் குடித்தனம் பண்ண முடியாது. நடந்தா திட்டுவா, நின்னா திட்டுவா, இருமினா திட்டுவா. நல்லது பண்ணினாலும் புத்தியில ஏறாது. இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் அவளப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கார். உங்களால ஆகாது. எழுதிக் குடுக்கிறேன், உங்களால ஆகாது. வேற ஃபிளாட் பாருங்க, நானே அர்த்தனாரிகிட்ட சொல்லி நல்லதா ஒண்ணு காட்டச் சொல்றேன்.

என்ன அப்படிப் பாக்கிற கண்ணு? கண்ணுல தூசி. எந்திரிக்காத, உக்காரு.

லிஃப்ட் சத்தம் கேக்குதா? மூணாவது மாடிக்குத்தான் வருது. அவராத்தான் இருக்கும். அந்தக் கதவ நல்லா விரியத் தொறந்து வைங்க தம்பி. அவர் இங்கயே வரட்டும், இந்தச் சேர்ல உக்காரட்டும். நீங்களும் பேசாதீங்க, நானும் பேசல. அவர் என்ன சொல்லணுமோ மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நிதானமாச் சொல்லட்டும். சொல்லி முடிச்சதும், போக விடமாட்டேன்னு நான் சொல்லிக்கறேன்.